சாவுக் காட்சிக்கு வீடு கொடுத்தவளுக்கு

போன வாரம் என் வீட்டுக் கூடத்தில் ஒரு கல்லூரிப் பெண் பிளாஸ்டிக் புட்டி ஒன்றைத் திறந்தாள். உள்ளே சிவப்பாக, கெட்டியாக ஏதோ இருந்தது. குறும்படத்துக்கான ரத்தமாம். அவளும் கூட வந்த இரண்டு பையன்களும் ஒரு கொலை நடக்க வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். மரத்தூண்கள் இருப்பதால் என் வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. "சாப்பிடற சாமான்தான் மேடம், தரையில கறை புடிக்காது" என்று அவள் ஒரு சொட்டை விரலில் தொட்டு நக்கிக் காட்டினாள். சர்க்கரைப் பாகின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

நீ போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. உன் காரியத்தில் நான் அழவில்லை. நாலு பேர் முன்னால் அழுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது, உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளிடம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அறுபதுகளின் நடுவில் என் தம்பி சந்திரன் கோயமுத்தூரில் கல்லூரி மாணவன். அவனும் நண்பர்களும் ஒரு சின்னப் படம் எடுக்கப் புறப்பட்டார்கள். கல்லூரியில் சாவி கொடுத்து ஓட்டுகிற கைக் கேமரா ஒன்று இருந்தது. ஒலி கிடையாது, கருப்பு வெள்ளை. பிலிம் பம்பாயிலிருந்து தபாலில் வரவேண்டும் என்பதால் ஒரு காட்சிக்கு ஒரே ஓட்டம்தான். கதை, கிணற்றுத் தண்ணீர் முறைக்காகத் தம்பி அண்ணனை வெட்டுவது. அண்ணன் பெண்டாட்டியை அடிக்கிறவன். அவன் பிணத்தின் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருப்பதோடு படம் முடியும்.

வீடும் சாமான்களும் தேடும் வேலை எனக்கு வந்தது. மாணவர்கள் போய் நின்றால் எந்த வீட்டிலும் சமையலறை வரை விடமாட்டார்கள்; தவிர, நான் கார் ஓட்டுவேன். அந்தப் பையன்கள் முதலில் சேகரித்து வைத்திருந்த சாமான்களைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. உழுகிறவனுக்குப் பட்டு ஜிப்பா. குடியானவன் வீட்டுக்குப் பீங்கான் கோப்பை. வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை அருவாள். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

வீடு மட்டும் கிடைக்கவில்லை. துடியலூரில் ஓர் அம்மா கூடத்தைத் திறந்து காட்டி, காப்பி கொடுத்து, எங்கள் காரில் ஏற்ற இரண்டு தேங்காயும் எடுத்து வைத்தபிறகுதான் கேட்டார்.

"ஏனுங் கண்ணு, படத்துல யாருங்க சாவறது?"

"அந்த வீட்டுக்காரருங்க" என்றான் சந்திரன்.

"ஐயோ சாமி! கல்யாணக் காட்சின்னாச் சொல்லுங்க, நானே பந்தல் போட்டுத் தாரேன். எழவு நடிச்சா எழவு வந்துருமுங்க."

பல்லடத்துப் பக்கம் ஒரு பெரியவர் கொலைக்குச் சம்மதித்தார். பிணத்தைப் படுக்க வைப்பதற்குச் சம்மதிக்கவில்லை. "வெட்டறது எங்கூட்டுல வெச்சுக்குங்க தம்பி, அதுல ஒண்ணுமில்லீங்க. கெடத்தறத மாட்டுக் கொட்டாயில வெச்சுக்குங்க." திரும்பும் வழியெல்லாம் சந்திரன் சிரித்துக்கொண்டே வந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டாயில் எடுத்தால் கொட்டாய் போலத்தான் இருக்கும்.

கடைசியில் சூலூருக்கு, உன்னிடம் வந்தேன். கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். கல்யாணமாகி நீ நடுவில் வானம் தெரியும் முற்றம் வைத்த அந்தத் தொட்டிக்கட்டு வீட்டுக்குப் போனபிறகு விசேஷங்களில் பார்த்துக்கொள்வதோடு சரி. உன் வீட்டுக்காரர் பருத்தி அரைக்கும் ஜின்னிங் பேக்டரி வைத்திருந்தார். அந்த வட்டாரத்தில் அவரைப்போல மரியாதையாகப் பேசுகிறவர் கிடையாது என்பார்கள். கூலிக்காரன் பிள்ளைக்கும் ஒரு 'ங்க' போடுவார். நான் கேட்டதும் எழுந்து நின்று, "இதுக்குப் போயிக் கேக்கோணுங்களா அம்மிணி? உங்கூடு மாதிரி நெனச்சுக்குங்க. சாமி படமுங்களா?" என்றார். "குடும்பப் படமுங்க அண்ணா" என்றேன். அதில் பொய் இல்லை.

அவர் பேக்டரிக்குப் போனதும் உன்னிடம் சாவு விஷயத்தைச் சொன்னேன். மற்றவர்கள் முகம் மாறிய இடத்தில் உன் முகம் மலர்ந்தது.

"எங்கூட்டுலயே எடுங்க. நெம்ப நல்லதாப் போச்சு."

"யோசிச்சுச் சொல்லு. ஊரே எழவு வரும்ங்குது."

"வந்தா வரட்டுமே" என்றாய்.

வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்று நினைத்து, அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணன் தன் மனைவியை அடிக்கிற காட்சியை எங்கே வைப்பது என்று எனக்கு நானே பேசிக்கொண்டு, சமையலறையைக் காட்டினேன். நீ உடனே மறுத்துத் தலையசைத்தாய்.

"அது ஆகாது அம்மிணி. அங்கே கை வீச எடமில்ல. மூட்டை அடுக்கற ரூம்புக்கு வா. செவுத்துல மூட்டை நிக்கறதால சத்தம் வெளிய போகாது. அவுங்க கதவுக்கு முதுகு குடுத்து நிக்கோணும். அப்பத்தான் அவ ஓட முடியாது. இந்த ஆணியில சாட்டவாரு."

ஆணியில் சாட்டை உண்மையாகவே தொங்கியது. வார் எண்ணெய் போட்டுக் கருகருவென்று இருந்தது. நான் வெளிவாசலை எட்டிப் பார்த்தேன். லாரி நின்றது, கார் நிறுத்தச் சாளை இருந்தது. உங்கள் வீட்டில் மாடு விற்றுப் பல வருடம் ஆகியிருந்தது.

கதவைச் சாத்தினேன். உன் ரவிக்கையின் முதுகுக் கொக்கிகளை நானே கழற்றினேன், நீ தடுக்கவில்லை. அதை இங்கே விவரமாக எழுத மாட்டேன். பழைய தழும்பின்மேல் புதுத் தழும்பு எப்படி ஏறும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

"உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மறுநாளே பழம், வெத்தலபாக்கோட என்னைய இங்கயே கூட்டிட்டு வந்து உட்டுட்டுப் போனாரு. இவுங்க எங்கப்பாவுக்கு எலை போட்டு, தானே நின்னு பரிமாறுனாங்க. அன்னிக்கு ராத்திரி அதுக்கும் சேத்தி வாங்குனேன்." ரவிக்கையை மாட்டிக்கொண்டே, "ஒரு நாளைக்கு இந்த ரூம்புல இருந்து என்னையத் தூக்கிட்டுத்தான் போவாங்க அம்மிணி" என்றாய். காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாய்.

என்னோடு இப்போதே புறப்படு என்றேன். எங்கே போனாலும் உன் வீட்டுக்காரர் பழத்தட்டோடு வந்து நிற்பார், எல்லோரும் அவர் பேச்சைத்தான் நம்புவார்கள் என்றாய். "நீ படத்தை எடு. எனக்கு அதப் பாக்கோணும்."

அதற்குப் பிறகு சாமான்கள் எல்லாம் நீ பார்த்துப் பார்த்துக் கொடுத்தவை. பித்தளைச் சொம்பு வேண்டாம், நெளிந்த அலுமினியப் போசிதான் அந்த வீட்டுக்குச் சரி என்று சமையலறையிலிருந்து எடுத்து வந்தாய். பிணத்துக்குக் கயிற்றுக் கட்டில். அட்டை அருவாள் போனபிறகு வேறொன்று செய்ய ஆசாரியிடம் சொல்லலாம் என்றேன். "தென்னை மட்டை சீவறது இருக்குதே, அதுக்கு எதுக்கு ஆசாரி?" என்று உங்கள் வீட்டு அருவாளையே கூரை எறவாரத்திலிருந்து உருவினாய். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மரத்தில் செய்ததைப் பிடித்தால் கை கனமில்லாமல் எழும், பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். செத்த அண்ணனாகப் படுக்கிற பையனுக்கு வேட்டி சட்டையும் நீதான் கொடுத்தாய். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, காலர் உள்பக்கம் வண்ணான் குறி. உன் வீட்டுக்காரருடையது.

அவர் திருப்பூருக்குப் பஞ்சு விலை பேசப் போன நாளில் அந்தக் காட்சியை வைத்துக்கொண்டோம். கருப்பு வெள்ளைப் படத்துக்குச் சிவப்பு எதற்கு என்று நான் வெல்லத்தைப் பாகு காய்ச்சச் சொல்லியிருந்தேன். அதைக் கட்டிலில் கிடந்த பையனின் நெஞ்சில் ஊற்றியதுதான் தாமதம், எறும்பு சாரைசாரையாக ஏறியது. "சந்திரா, பொணம் நெளியுதுடா" என்று கேமராப் பையன் கத்தினான். "பொணத்துக்குக் கடிக்குதுடா!" என்று பிணம் பதில் சொன்னது. நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கல்யாணத்துக்குப் பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பெண்டாட்டி வேஷத்துக்குப் பெண் கிடைக்காததால் சேலை கட்டிய ஒரு மாணவன் மற்றக் காட்சிகளில் நடித்திருந்தான். பிணத்தருகே அவன் உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, தோள் ஆண்பிள்ளைத் தோளாகவே இருந்தது. "முதுகு மட்டுந்தானே தெரியும், நானே உக்கார்றேன்" என்று நீ கொண்டையை அவிழ்த்துவிட்டாய். தலைமாட்டில் போய் உட்கார்ந்தாய். சந்திரன் கை காட்டினான். கேமரா ஓடத் தொடங்கியது.

நீ ஒப்பாரி வைத்தாய்.

"கடைவீதி போன ராசா கட்டையா வந்தீங்களே" என்று தொடங்கி, நெஞ்சில் அடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து. ஊமைப் படத்துக்கு எதற்குச் சத்தம் என்று உன்னை அடக்கப் பார்த்தேன். உனக்குக் காதில் விழவேயில்லை. கேமரா நின்ற பிறகும் நீ நிற்கவில்லை. அதில் துக்கம் இல்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன். கல்யாணப் பாட்டில்கூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? அடுத்திருந்த பேக்டரியில் பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்தார்கள். தெருவில் போனவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். யாரோ பறைக்கு ஆள் அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். விலை படியாமல் சீக்கிரமே திரும்பிய உன் வீட்டுக்காரர் காரைவிட்டு இறங்கியது அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான். அவரைப் பார்த்ததும் ஜனம் விலகி வழிவிட்டது. ஒரு கிழவி வீல் என்று கத்தினாள்.

அவர் உள்ளே வந்து, தன் சட்டையைப் போட்டுக்கொண்டு கிடந்தவனைப் பார்த்தார். விரித்த தலையோடு இருந்த உன்னைப் பார்த்தார்.

"ஏனுங் தம்பிகளா, நான் செத்துப்போயிட்டனுங்களா?"

வாசலில் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடியே எல்லோரையும் அனுப்பி வைத்தார். "ஒண்ணுமில்லீங்க, பசங்க படம் புடிக்கறாங்க, போயிட்டு வாங்க." கடைசி ஆள் போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மூட்டை அறைக்குள் போய்ச் சாட்டையோடு வந்தார். கேமராப் பையனிடம் திரும்பினார்.

"எடுங்க தம்பி, நிறுத்தாதீங்க. அடி எப்படியிருக்கும்னு தெரியோணுமில்லீங்க. சாவி குடுங்க."

பையன் சாவியைத் திருகினான், தீரத் தீரத் திருகினான். கேமரா கரகரவென்று ஓடியது.

முதல் அடி உன் தோளில் விழுந்து முதுகைச் சுற்றிக்கொண்டது. இரண்டாவதில் ரவிக்கை கிழிந்தது. நீ தரையில் சுருண்டாய், சத்தம் போடவில்லை. ஒப்பாரி வைத்தவளிடமிருந்து ஒரு முனகல் வரவில்லை. அவர் அடிக்கொரு தரம் கேமராவைப் பார்த்து, "தெரியுதுங்களா தம்பி? வெளிச்சம் பத்துதுங்களா?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். அவர் உதறியதில் தூணில் மோதி என் புருவம் பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. சந்திரன் குறுக்கே பாய்ந்தான். சாட்டைக் காம்பால் அவன் வாயில் குத்தினார், பல் தெறித்தது. பிறகு உன் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு மூட்டை அறைப்பக்கம் இழுத்தார். "மிச்சத்த உள்ள வெச்சுக்கலாம் வா" என்றார். ஒரு நாளைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நீ சொன்ன அறை. அது இன்றைக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

கட்டில் காலருகே அருவாள் கிடந்தது. இழுபட்டுப் போகிற போக்கில் உன் கை அதை எடுத்தது. நீ மண்டிபோட்டு எழுந்து ஒரே வீச்சு வீசினாய்.

சாட்டை முதலில் விழுந்தது. அதோடு அவருடைய சுண்டுவிரலும் அடுத்த விரலும் விழுந்தன. உள்ளங்கை பாதிவரை பிளந்திருந்தது. அவர் கத்தவில்லை; கையை மூஞ்சிக்கு நேரே பிடித்து, யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். பிணமாகக் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்து தன் நெஞ்சுப் பாகின்மேலேயே வாந்தி எடுத்தான். தரையில் பாகும் ரத்தமும் கலந்து ஓடின. வெல்லப்பாகு ரத்தத்தைவிடக் கருப்பு. நான் நினைத்த அளவுக்குப் பொருத்தமில்லை. அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது.

கேமரா இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் போய்ப் பையன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். பக்கவாட்டு மூடியைத் திறந்து, சுருளை உருவித் வெளிச்சம் பட்டு அழியட்டும் என்று தொட்டிவாசல் வெயிலில் வீசினேன். சந்திரன் ரத்தம் ஒழுகும் வாயோடு, "அக்கா, அவரு அடிச்சதும் அதுலதான் இருக்குது" என்றான். தெரியும். உன் முதுகுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். ஆனால் நீ வெட்டியதும் அதில்தான் இருந்தது. கோர்ட்டில் எதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு நடந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கார் ஓட்டினேன். பின்சீட்டில் அவர், கையில் வேட்டியைச் சுற்றிக்கொண்டு; அவர் பக்கத்தில் வாயைப் பொத்தியபடி சந்திரன். முன்னால் என் பக்கத்தில் நீ, என் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு. சிங்காநல்லூர் தாண்டியாயிற்று. கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"அங்கே போயி என்ன சொல்லப் போறீங்க அண்ணா?"

"சொல்றனுங்க. ஜெயிலுக்கு அனுப்பறனுங்க இவள."

"அனுப்புங்க. பொண்டாட்டி வெட்டுனான்னு நீங்க சொல்லோணும். பேக்டரியில அத்தன பேருக்கும் தெரியோணும். திருப்பூர்ப் பஞ்சுக் கமிட்டியில நாளைக்கு உங்களப் பாத்ததும் கையத்தான் பாப்பாங்க. யாரு கை வெட்டுச்சுன்னு கேப்பாங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவரே சொன்னார்: "பசங்க படம் புடிச்சாங்க. அருவாள் வீசிக் காட்டறப்பக் கை தவறிப்போச்சுங்க. யாரு மேலயும் தப்பில்லீங்க."

வீசிக் காட்டியது யார் என்று கேட்டபோது சந்திரன் கையைத் தூக்கினான். இயக்கியவன் தான்தானே என்றான். கல்லூரியில் விசாரித்தார்கள், மன்னிப்பு எழுதி வாங்கினார்கள், படமெடுக்கும் சங்கத்தையே மூடினார்கள். என் தம்பி வாழ்நாளில் பிறகு ஒரு கேமராவைத் தொடவில்லை. சிமென்ட் வியாபாரம் செய்து, நல்லபடியாக வாழ்ந்து, போய்ச் சேர்ந்தான். அவனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: அவள் அடியைத் தடுக்கத்தான் எடுத்தாள், தெரியாமல் பட்டுவிட்டது. அவன் அதை நம்பினான். நானும் நம்பினேன்.

நீ அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாய். நான் எவ்வளவோ தடுத்தேன். "இனி நான் எதுக்கு அம்மிணி போகோணும்?" என்றாய். அவர் இடது கையை ஒரு தடவை ஓங்கினாராம். நீ எழுந்து, அருவாள் செருகியிருந்த எறவாரத்துப் பக்கம் பார்த்தாயாம். ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டாராம். அதைச் சொல்லும்போதும் நீ 'அவுங்க' என்றுதான் சொன்னாய். உனக்காகத்தான் நானும் இந்தக் கடிதம் முழுக்க 'அவர்' என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு நெடுங்காலம் அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தவள் நீ. வலது கை அவருக்கு உதவவில்லை.

அவர் உண்மையாகவே செத்த அன்றைக்கு நான் வந்தேன். எனக்கும் அப்போது தாலி போய்விட்டிருந்தது. உன்னை நடுவில் உட்கார வைத்து ஊர்ப் பெண்கள் சுற்றி அழுதார்கள். கட்டிப்பிடித்து அழும் முறைக்கு நான் குனிந்தேன். நீ என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். உன் குரல் தெளிவாக இருந்தது.

"நான் கழுத்தத்தான் பாத்து வீசுனேன் அம்மிணி. கை குறுக்கால வந்துபோட்டுது."

உன் உடம்பு குலுங்கியது. என் உடம்பும் குலுங்கியது. சுற்றியிருந்தவர்கள், பாவம், கூடப்படித்தவள், எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன்.

சந்திரன் அப்போது உயிரோடு இருந்தான். வாசலில் ஆண்களோடு நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்குத் திரும்பும்போது அவன்தான் கார் ஓட்டினான். "என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல, அழுதா" என்றேன். அடியைத் தடுத்த ஒருத்திக்காகப் பழி ஏற்றவன் அவன். அப்படியே போகட்டும் என்று விட்டேன். இப்போது அவன் இல்லை, நீயும் இல்லை. நீ கழுத்தைத்தான் பார்த்தாய் என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்கு அது பாரமாக இல்லை. கொஞ்சம் தள்ளிப் பட்டுவிட்டதே என்றுதான் இருக்கிறது.